தனியே போகப் பயந்தவர்

அந்த அக்காவைப் போலப் பயந்த ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி நிற்கும். நெற்றியில் ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அக்கா எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடியவர்தான். ஆனாலும் கண்டக்டரிடம் ஒரு தடவை, டிரைவரிடம் ஒரு தடவை, ஏறி உட்கார்ந்த பின் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு தடவை, "மருதைதான போகுது?" என்று கேட்டால்தான் அவருக்கு மூச்சு வரும். ஜன்னல் ஓரம் உட்கார மாட்டார், எதிரே வரும் லாரி உரசிவிடும். கடைசி சீட்டுக்குப் போக மாட்டார், வண்டி தூக்கிப் போடும். படிக்கட்டுப் பக்கமும் ஆகாது. டிரைவருக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசை தள்ளி, உள்பக்கமாக, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார். திருமங்கலம் தாண்டும்வரை அந்தக் கை எடுபடாது.

மேற்கே மலையில் மேகம் கறுத்தால் போதும். அய்யனார் கோவில் பக்கம் எங்கேயோ முழங்குகிற இடிக்கு ஊருக்குள் இருந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வார். நாயைக் கண்டால் வந்த வழியே திரும்பி அடுத்த தெரு வழியாகப் போவார். நாய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு நாய்க்குப் பயந்தால் எப்படி? அதனால் அவர் போகிற இடத்துக்கெல்லாம் சுற்று வழிதான். உப்பு கேட்பதைக்கூட ரகசியம் சொல்வது போலத்தான் கேட்பார்.

அவருடைய பெயரைச் சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்த நாளில் தன் பெயர் யார் வாயிலும் வந்துவிடக் கூடாதே என்று நடுங்கியவர் அவர். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பழைய சேலைக்குள் சுற்றி, அதை மஞ்சப்பைக்குள் வைத்து, மேலே வெண்டைக்காயையோ கத்தரிக்காயையோ போட்டுத்தான் கொண்டுவருவார்.

அவரை நான் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில். எனக்குப் பதினைந்து வயது. அவருக்கு முப்பது தாண்டியிருக்காது. ஏழாவது படிக்கும்போது கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகையில் எங்கள் வேன் கவிழ்ந்தது. தொடை கிழிந்து எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. யாருடைய ரத்தத்தையோ ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பிழைத்துவிட்டேன் என்று வீட்டில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். பத்தாவது படிக்கும்போது கழுத்தில் நெல்லிக்காய் போலக் கட்டிகள் வந்தன. சாயங்காலமானால் காய்ச்சல். உள்ளூரில் பார்த்து முடியாமல் அப்பா மதுரைக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா என் ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லி, அடுத்த வாரம் அப்பாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்த அப்பா என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "போவோம்" என்றார்.

வீட்டில் எனக்குத் தனித் தட்டு வந்தது, தனி டம்ளர் வந்தது. அம்மா அவற்றைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அழுவாள். தம்பியை என் பாயில் படுக்கவிடவில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் நான் தண்ணீர் குடித்தால் வீடே நின்று பார்த்தது.

கழுத்தில் இருந்தது காசநோய்தான், அதற்கு மருந்து உண்டு, விடாமல் சாப்பிட்டால் போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரத்தத்தில் இருக்கும் கிருமிக்கு வெளிநாட்டில் மருந்து வந்துவிட்டது. நம் கைக்கு வர வருஷங்கள் ஆகும். அதுவரை மற்ற நோய் அண்டாமல் உடம்பைப் பிடித்துவைக்க வேண்டும், மாசா மாசம் வர வேண்டும் என்றார். அப்பா இரண்டு மாசம் கூட்டிப்போனார். மூன்றாவது மாசம் மில்லில் லீவு இல்லை என்றார். லீவு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வராந்தாவில் நிற்க அவருக்குத் திராணி இல்லை.

அப்போதுதான் டாக்டரம்மா அந்த அக்காவிடம் என்னை ஒப்படைத்தார். அவரும் ராஜபாளையம், அவரும் மாசா மாசம் வருகிறவர், கூட்டிவந்து கூட்டிப்போகட்டும் என்று. கடைசியில் யாரை யாரிடம் ஒப்படைத்தார் என்பது எனக்கு இன்றைக்கும் தெளிவாகத் தெரியாது.

முதல் நாளே அக்கா எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி கொண்டுவந்தார். பவர் இல்லாத வெறும் கண்ணாடி. "கண்ணு பாக்க மருதைக்குப் போறோம்னு சொல்லு. கண்ணுன்னா யாரும் கேக்க மாட்டாக" என்றார். அன்றிலிருந்து தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எனக்குக் கண்ணில் கோளாறு. கணக்கு டீச்சர் என்னை முன் பெஞ்சுக்கு மாற்றினார்.

மாத்திரை சாப்பிட்டால் குமட்டிக்கொண்டு வரும். மூத்திரம் ரத்தம் போலச் சிவப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் ஒவ்வொரு காலையும் அதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வேன். நாலைந்து மாசத்தில் கழுத்துக் கட்டி வற்றிவிட்டது. இனி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. எப்படியும் சாகப் போகிறவள் எதற்காகக் குமட்டிக்கொண்டு கிடக்க வேண்டும்? அடுத்த மாசம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், ஆனால் ஏறவில்லை. "நான் வரலை" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் புத்தி சொல்லியிருப்பார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார்.

"அப்ப நானும் போகலை. தனியாப் போக எனக்குப் பயம்."

சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன். வண்டி கிளம்பிப் போனது. அக்கா பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுற்று வழியாகத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் வந்துவிட்டேன். அந்த மாசக் கடைசியில் அம்மா காய்கறி வாங்க அனுப்பியபோது சந்தையில் அவரைப் பார்த்தேன். இருமிக்கொண்டே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் வேறு யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார். "அடுத்த மாசமாச்சும் வாரியா பாப்பா?"

அவர் மிரட்டவில்லை. நிஜமாகவே அவரால் தனியாகப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு நான் ஒரு மாசம்கூட விடவில்லை. நான் விட்டால் இரண்டு உயிர் போகும் என்ற பயம் என்னையும் பிடித்துக்கொண்டது.

அவருடைய கதையை மொத்தமாக அவர் சொன்னதே இல்லை. கிருஷ்ணன்கோவிலில் ஒரு துண்டு, கல்லுப்பட்டியில் ஒரு துண்டு என்று பஸ் போகப் போகச் சொல்வார். எஞ்சின் சத்தத்தில் பாதி காதில் விழாது. புருஷன் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போய்த் திரும்பியவர் ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து செத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கொழுந்தன்மார் வந்து அவர் படுத்த பாய், குடித்த செம்பு, அக்காவின் சேலைகள் எல்லாவற்றையும் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். "நெருப்பு எம்புட்டு ஒசரம் எரிஞ்சுச்சு பாப்பா. நான் எட்ட நின்னு பாத்தேன். அடுத்து என்னத் தூக்கிப் போடுவாகளோன்னு" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டுக்காரர் காதில் விழுந்ததோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஊரிலிருந்து ஓடிவந்துதான் ராஜபாளையத்தில் ஒற்றை அறை எடுத்து, பேண்டேஜ் துணி சுற்றும் கொட்டகையில், செட்டு என்பார்கள், வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு என்ன என்று யாருக்கும் தெரியாது.

எங்களோடு இன்னொருவன் உண்டு. சேத்தூர்க்காரன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், சின்ன வயசிலேயே லாரியில் கிளீனராகப் போனவன். அவனுக்கு எப்படி வந்தது என்று அவன் சொன்னதில்லை, அக்கா கேட்டதில்லை, என்னையும் கேட்கவிட்டதில்லை. எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். திடீரென்று அவன் வருவது நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் லேகியம் தருகிறார், ஒரு மண்டலத்தில் கிருமி செத்துவிடும், ஆனால் இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று அவன் வீட்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவனும் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தவன், அது பாதியில் நின்றது. பாதியில் நிறுத்தினால் அப்புறம் எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அக்காவோடு சேத்தூர் போனேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பை ஒட்டி அவன் வீடு. வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்போம். வெள்ளை வெளேரென்று, இளங்கன்று உயரத்துக்கு ஒரு நாய் எழுந்து வந்தது. குரைக்கவில்லை. நேராக வந்து அக்காவின் முன்னால் நின்று உறுமியது. என் கையை அக்கா பிடித்த பிடியில் எனக்கு எலும்பு நொறுங்கியது போல வலித்தது. ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. கண் மட்டும் விரிந்து நிலைகுத்தி நின்றது. கீழே பார்த்தேன். சேலை நனைந்து தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த சேத்தூர்க்காரன் பார்த்துவிட்டான். நாயை அதட்டி விரட்டினான். வாளியும் கையுமாக எங்களை நோக்கி வேகமாக வந்தவன் கல் தடுக்கியது போலச் சாய்ந்து, வாளித் தண்ணீர் முழுவதையும் அக்காவின் மேல் கொட்டினான். "அய்யய்யோ, தெரியாமக் கொட்டிப்பிட்டனே அக்கா" என்றான். அடுப்படியிலிருந்து வந்த அவன் அம்மா அவனைத் திட்டினாள். அக்கா தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். எல்லாம் ஒரே ஈரமாகிவிட்டது.

என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டாள். வழி கேட்க வந்தோம் என்று நான் சொன்னேன். மருந்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பினோம். பஸ்ஸில் அக்கா நடுங்கிக்கொண்டே வந்தார். போன காரியம் கெட்டுப்போய்விட்டதே என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலப் பார்த்தார்.

அடுத்த மாசம் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது சேத்தூர்க்காரன் எங்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான். லேகியத்தை என்ன செய்தாய் என்று கேட்டேன். நாய்க்கு வைத்துவிட்டேன், அது இப்போது முன்னைவிடக் குண்டாகிவிட்டது என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னான். "ஒங்க ரெண்டு பேர நம்பி எப்படி விடுறது? பயந்தே செத்திருவீக."

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரானோம்.



ஆஸ்பத்திரியில் நாங்கள் காத்திருக்கும் வராந்தாவும் நெஞ்சுநோய்க்காரர்கள் காத்திருக்கும் வராந்தாவும் ஒன்றுதான். கடைசியில் இருக்கும் எங்கள் அறை என்ன அறை என்று அங்கே வருகிற எல்லோருக்கும் தெரியும். அந்த அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாலே மற்றவர்கள் ஓர் ஆள் தள்ளித்தான் உட்காருவார்கள். அன்றைக்கு சேத்தூர்க்காரன் டீ வாங்கப் போயிருந்தான். நானும் அக்காவும் அந்தப் பெஞ்சில் இருந்தோம். வராந்தாவின் அந்த முனையில் ஒரு குரல் கேட்டது. எங்கள் தெருவின் கடைசி வீட்டு அத்தை. இருமுகிற தன் அண்ணனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருகிறாள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் ஊர் முழுவதும் என்ன குழம்பு என்று சொல்லிவிடுகிறவள்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அண்ணனைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு நேரே என்னை நோக்கி வந்தாள். அம்மாவின் முகம், தம்பியின் முகம், வாசலில் எரிகிற பாய் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அக்காவுக்கு அவள் யார் என்று தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"ஏட்டி, நீ என்ன இங்க? கண்ணாஸ்பத்திரிக்கில்ல போறன்னு ஒங்காத்தா சொல்லுவா" என்றாள் அத்தை. அவள் பார்வை என்மேல் இருந்து அறைக் கதவுக்குப் போய் மறுபடியும் என்மேல் வந்தது.

அந்த நேரம் பார்த்து கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தவர் உரக்க என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஒன்னியத்தான கூப்பிடுதாக?" என்றாள் அத்தை.

அக்கா எழுந்தார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தான் கூப்பிடுறாக. எம் பேரும் அதான்" என்றார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "எனக்குத்தான் அந்த நோய். எம் புருசன் லாரிக்காரரு, அவருகிட்ட இருந்து வந்துச்சு. கண்ணு பாக்க வந்த புள்ளைய நான்தான் தொணைக்கு இழுத்தாந்தேன். எதுக்கு வந்தேன்னு அதுக்குத் தெரியாது. தனியா வரப் பயமா இருந்துச்சு."

தன் நோயைப் பற்றியும் தன் பயத்தைப் பற்றியும் அவர் சொன்னது உண்மை. அதனால்தானோ என்னவோ மற்றதும் நம்பும்படியாக இருந்தது.

அத்தை இரண்டு எட்டுப் பின்னால் போனாள். அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "ஒன்ன நான் பாத்திருக்கனே. எங்க நாத்தனா வேலை பாக்குற பேண்டேஜ் செட்டுல இருக்கவதான நீ" என்றாள். அக்கா இல்லை என்று சொல்லவில்லை. என் பெயரைத் தன் பெயராக ஏற்றுத் தலையை ஆட்டிக்கொண்டே அந்த அறைக்குள் போனார். அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, குழாயடியில் முழங்கைவரை கழுவச் சொன்னாள். சோப்பு வாங்கிக் கொடுத்து இன்னொரு தடவை கழுவச் சொன்னாள். தன் அண்ணனைக் காட்டி முடித்த பிறகு என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து ஊருக்குக் கூட்டிவந்து அம்மாவிடம் சேர்த்தாள். பிள்ளையை இப்படியா கண்டவளோடு அனுப்புவது என்று அம்மாவைத் திட்டினாள். அம்மா நின்று எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றாள். அத்தை போன பிறகு அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் மாத்திரைகளை மறுநாள் சேத்தூர்க்காரன் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து கொடுத்தான். அக்கா டாக்டரம்மாவிடம் சொல்லி வாங்கி அனுப்பியிருந்தார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. செட்டில் அக்காவை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற துணியை இவள் கையால் சுற்றினாளே என்று அவர் சுற்றிவைத்த கட்டுகளை எல்லாம் எடுத்துக் கொளுத்தினார்களாம். வீட்டுக்காரம்மா அக்காவுக்குப் புரியாது என்று நினைத்து மருமகளிடம் தெலுங்கில் பேசினார். அத்தனை வருஷம் அந்த வளவுக்குள் குடியிருந்தவருக்குப் புரியாமல் போகுமா? அவர்கள் சொல்லும் முன்பே அக்கா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் யாரோ ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள் என்று சேத்தூர்க்காரன் விசாரித்து வந்து சொன்னான்.

அடுத்த மாசம் வந்தது. அம்மா விடியும் முன் எழுந்து புளியோதரை கிண்டினாள். கட்டும்போது பார்த்தேன், மூன்று பேருக்குக் கட்டினாள். அவளிடம் ஒரு பொட்டலத்தைக் கொடு என்று மட்டும் சொன்னாள்.

ராஜபாளையத்தில் நானும் சேத்தூர்க்காரனும் ஏறினோம். அக்கா வருவாரா என்பது தெரியாது. ஏறுவதற்கு ஆள் துணை இல்லாத ஊரில் அவர் எப்படி ஏறுவார்? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி திரும்பும்போதே நான் எழுந்து நின்று தேடினேன். கடலை விற்கிறவர்களுக்கு நடுவில், மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டார், டிரைவரிடம் ஒரு தடவை கேட்டார், ஏறினார். நான் நகர்ந்து இடம் விட்டேன். என்னைப் பார்க்காமலேயே தாண்டிப்போய் முன்னால் வழக்கமான வரிசையில் தனியாக உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாரு பாப்பா நீ? பின்னாடி எடம் கெடக்குல்ல" என்றார். முகம் முன்பக்கமே இருந்தது.

"அக்கா, நான்தான்க்கா."

"எனக்கு ஒன்னத் தெரியாது." பிறகு உதடு அசையாமல் சொன்னார். "வண்டியில ஒங்க ஊருக்காரக இருக்காக. எந்திரிச்சுப் போயிரு."

நான் எழுந்திருக்கவில்லை. தெரிந்தால் தெரியட்டும் என்று அந்த நேரத்தில் ஒரு வெறி. கிருஷ்ணன்கோவிலில் வண்டி நின்றது. அக்கா பையை எடுத்துக்கொண்டு, என் முழங்காலைத் தாண்டி, இறங்கிவிட்டார். என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரோட்டோரம் வெயிலில் தனியாக நின்றார். டீக்கடை வாசலில் இரண்டு தெருநாய்கள் படுத்திருந்தன. அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு, நகராமல் நின்றார்.

அன்றைக்கு அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் போல நான் எதற்கும் பயந்து உட்கார்ந்ததில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், பார்த்தார்கள், அனுப்பினார்கள். சேத்தூர்க்காரனையும் பார்த்தார்கள். அக்கா வரவில்லை. கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் வந்து சேர்ந்தார். ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. உள்ளே போய்விட்டு வந்து, எங்கள் பெஞ்சுக்கு எதிர்ப்பக்கம் சுவரோரம் நின்றுகொண்டு, யாரும் இல்லையென்று பார்த்த பிறகு பேசினார்.

"இன்னொரு தடவ பக்கத்துல வந்து உக்காந்தீன்னா நான் வர மாட்டேன். சத்தியமா வர மாட்டேன்."

அவர் சொன்னால் செய்வார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். அவர் முன்னால், தனியாக. மாசா மாசம் அப்படித்தான். சோற்றுப் பொட்டலத்தைச் சேத்தூர்க்காரன் இறங்கும்போது போகிற போக்கில் அவர் மடியில் போட்டுவிடுவான். இடி முழங்கினால் அவர் தோள் இரண்டும் காதுவரை ஏறுவதைப் பின்னாலிருந்து பார்ப்பேன். ஒரு தடவை லாரி ஒன்று உரசினாற்போல வந்து வண்டி குலுங்கியபோது அவர் சட்டென்று பக்கத்தில் கையை நீட்டித் துழாவினார். பக்கத்தில் இருந்தது யாரோ ஒரு மூட்டைக்காரர். கையை எடுத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் ஏறவில்லை. நாங்கள் இறங்கி சர்ச்சைத் தேடிப் போனோம். அங்கே சமையல் செய்கிற பெண், மூச்சு இழுத்ததால் முந்தாநாள் மதுரைக்குப் போய்விட்டார் என்றாள். யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, அவராகவேதான் பஸ் ஏறிப் போனார் என்றாள்.

வார்டில் கடைசிக் கட்டிலில் கிடந்தார். வெறும் எலும்பாக இருந்தார். எங்களைக் கண்டதும் முதலில் சேத்தூர்க்காரனிடம்தான் பேசினார். "வாசல்ல நில்லு. பாப்பா ஊருக்காரக யாரும் வாராகளான்னு பாத்துக்கோ." அவன் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றான், வெளிப்பக்கம் பார்த்தபடி. அவன் தோள் குலுங்கியது.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை அவர் போகச் சொல்லவில்லை. அன்றைக்குப் போல அவராக எழுந்து போய்விட வழியும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை வாங்கியாச்சா என்று கேட்டார். வாங்கியாச்சு என்றேன். உண்மையில் நான் டாக்டரம்மாவின் அறைக்குள்கூட இன்னும் போகவில்லை. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"காட்டு" என்றார்.

என் பை காலியாக இருந்தது. ஓடிப்போய் வரிசையில் நின்று, டாக்டரம்மாவைப் பார்த்து, மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்து காட்டினேன். சேத்தூர்க்காரனும் காட்டினான். அக்கா அட்டைகளை வாங்கித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இருட்டுறதுக்குள்ள போயிருங்க" என்றார்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். நல்ல மருந்து எங்கள் கைக்கு வர அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஆயின. வந்தபோது நானும் சேத்தூர்க்காரனும் வாங்கிக்கொள்ள உயிரோடு இருந்தோம். அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். போனில் பேசினால், "சாப்ட்டியா, காட்டு" என்பான். எங்கள் இருவரிடமும் அக்காவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வருவதில்லை. கோடாலிக் கொண்டையும், ஒடுங்கிய தோளும், கம்பியை இறுகப் பிடித்த கைகளும்தான் வருகின்றன.